டென்ட் அப்பா

போர்ட் பிளேர் டாலிகஞ்ச் முக்கில் டீ குடித்துக்கொண்டிருக்கும் நாலு பேரில் ஒருவர் மட்டும் கைப்பேசியை மூக்குக்கு நேராகப் பிடித்து, இரண்டு விரலால் எதையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால், சொத்துப் பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் ஒரு கழிவறையின் படம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரையில், டென்ட் போடுகிற இடத்திலிருந்து அது எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். இவர்தான் டென்ட் அப்பா. குடும்பத்தை முதல்முறையாகக் கேம்பிங் கூட்டிப் போகப் போகிறவர். போகப் போகிறவர் என்பதுதான் இவருடைய நிரந்தரப் பதவி.

இந்த இனம் இங்கே புதிது. சென்னையிலிருந்து இந்த அந்தமான் தீவுகளுக்குக் கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் இழுத்து 2020 ஆகஸ்டில் திறந்து வைத்தார்களே, அதற்கு முன் போர்ட் பிளேரில் ஒரு படம் முழுசாகத் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை.) அந்தக் காலத்து அப்பாக்களுக்குக் கப்பல் டிக்கெட் கிடைத்தாலே பெரிய விஷயம். மூன்று நாள் கப்பலில் சென்னை, அங்கிருந்து ரயிலில் மதுரையோ ராமநாதபுரமோ, குலதெய்வத்துக்கு ஒரு கெடா. விடுமுறை முடிந்தது. கேபிள் வந்தது, ரிவ்யூ வந்தது, பின்னாலேயே டென்ட் அப்பாவும் வந்தார். 2024 நவம்பரில் கோலாலம்பூருக்கு நேர் விமானம் பறக்கத் தொடங்கியதும் நோய் முற்றிவிட்டது.

"ஏங்க, ஊர் உலகமெல்லாம் எல்.டி.சி. லீவுச் சலுகை போட்டுக்கிட்டு நம்ம ஊருக்கு வருது. நாம வாண்டூர் பீச்ல ஒரு ராத்திரி படுத்தா ஆகாதா?" என்று வீட்டுக்காரம்மா கேட்பார்.

நியாயமான கேள்வி. ஒரே வார்த்தையில் பதில் வரும்: முதலை. அதிலும் நியாயம் இருக்கிறது. வாண்டூரில் எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. குளிக்கிற இடத்தைச் சுற்றி வலை கட்டியிருக்கிறார்கள். 2010-ல் ஹேவ்லாக் தீவில் ஒரு அமெரிக்கப் பயணியை முதலை கொன்றது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் டென்ட் அப்பா வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. வாண்டூரில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்தால் சிவகங்கையில் இருக்கும் சகலை அசையமாட்டார்.

ஆகவே எக்செல் திறக்கப்பட்டது. கழிவறை வெஸ்டர்னா இண்டியனா, பக்கத்தில் தண்ணீர்க் குழாய் உண்டா, சார்ஜ் போட பிளக் உண்டா, மாவு வைக்க ஃப்ரிட்ஜ், ஃபேன், வைஃபை, கொசு, பக்கத்து டென்ட்டில் குறட்டை விட்டால் யாரிடம் சொல்வது. எட்டாவது படிக்கும் மகள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பப்பா, இதெல்லாம் இருக்கிற எடம் நம்ம வீடுதானே?" என்றாள். அவளை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னார்.

பிரான்சை வெகு ஆர்வமாகத்தான் ஆரம்பித்தார். அங்கே கேம்பிங் இடத்துக்கே நட்சத்திரம் உண்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஐந்து நட்சத்திர இடத்தில் நீச்சல்குளம், சறுக்கு, மளிகைக் கடை, சக்கரத்தின் மேல் ஏற்றி வைத்த படுக்கையறை வீடு எல்லாம் இருக்கும். டென்ட்டைத்தான் தேட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் சனிக்கு சனி, வாரக்கணக்கில்தான் கொடுப்பார்கள் என்பதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் தொளதொள அரைக்கால் சட்டையோடு ஆண்கள் குளத்தில் இறங்க விடமாட்டார்கள், உடம்போடு ஒட்டிய சின்ன ஜட்டிதான் போட வேண்டும் என்று படித்த அன்றே பிரான்ஸ் பட்டியலிலிருந்து இறங்கிற்று. மாமியார் வேறு கூட வருகிறார். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் டென்ட் போட பெர்மிட் வாங்க வேண்டும். வருஷம் பூரா ஆபீஸில் பெர்மிட் ஃபைலைத் தள்ளுகிறவர் விடுமுறையிலும் அதற்கு அலைவாரா?

கடைசியில் மனசு போய் நின்றது தாய்லாந்தின் சூரின் தீவுகளில். தேசியப் பூங்கா. டென்ட், படுக்கை எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். டென்ட் வாசலைத் திறந்தால் கடல். எந்தக் கடல்? அந்தமான் கடல்! டாலிகஞ்சிலிருந்து நேராகக் கோடு இழுத்தால் அறுநூறு சொச்சம் கிலோமீட்டர்தான். சென்னை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் கோட்டில் போக முடியாதே. கோலாலம்பூர் வழியை விட்டால், மேற்கே சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே திரும்பிப் பறந்து தாய்லாந்தில் இறங்கி, ரோடு வழியாகக் குராபுரி போய், அங்கிருந்து படகு பிடிக்க வேண்டும். நம் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைப் பார்க்க இத்தனை சுற்று. "அதுக்குப் பேருதான் ஃபாரின் டூர்" என்றார்.

ஒத்திகை பார்க்கச் சொந்தமாக ஒரு டென்ட் வேண்டுமல்லவா? 744103 என்று பின்கோடு போட்டதும் 'இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது' என்று வந்தது. இந்த வாசகம் தீவுக்காரர்களுக்குக் காயத்ரி மந்திரம். சென்னை அட்ரஸுக்கு வரவழைத்து, விமானத்தில் வந்த ஒரு சக ஊழியர் தலையில் கட்டினார். டிசம்பரில் இங்கே ஐந்து மணி தாண்டியதுமே பொழுது சாய்ந்துவிடும். ஆபீஸ் விட்டு வந்து மொட்டை மாடியில் பையைப் பிரித்தபோது நல்ல இருட்டு. கான்கிரீட்டில் முளை இறங்கவில்லை. காலி பெயிண்ட் வாளிகளில் தண்ணீர் நிரப்பி நாலு மூலைக்கும் கயிறு கட்டினார். வளையும் கம்பிகள் இரண்டும் ஒரே நீளம்தான்; அதை ஒப்புக்கொள்ள அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. மழைக்கான மேலுறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டி, பிள்ளைகளை உள்ளே படுக்க வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டார். நள்ளிரவில் மழை. "பப்பா, பானி ஆ கயா!" (தண்ணி வந்திருச்சு) என்று மகள் கத்தினாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பதற்றம் வந்தால் முதலில் ஹிந்திதான் வாயில் வரும்.

மறுநாள் மாடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியார் கேட்டார்: "ஏன் மாப்ளே, அந்தத் தீவுல தண்ணி ஏறி வந்தா எந்தப் பக்கம் ஓடணும்?"

எக்செல்லில் அதற்குக் கட்டமே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்தவர் மாமியார். வாண்டூர் போகிற வழியில் சிப்பிகாட்டில் அன்றைக்கு உள்ளே வந்த உப்புத்தண்ணீர் வயல்களில் தங்கிவிட்டது. பூகம்பத்தில் நிலமே தாழ்ந்துபோனதால் அது திரும்பிப் போக வழியில்லை. சூரின் தீவில் வாழும் மோக்கன் என்ற கடலோடி மக்கள் அதே நாளில், கடல் திடீரென்று உள்வாங்கியதைப் பார்த்து, பாட்டன் சொன்ன சேதியை நினைத்து மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். கிராமம் போயிற்று, மக்கள் பிழைத்தார்கள். டென்ட் அப்பா இத்தனை நாள் படித்த ரிவ்யூக்கள் எல்லாவற்றையும்விட அந்த அம்மாள் கேட்ட ஒரு கேள்விக்கு மதிப்பு அதிகம் என்பது என் கட்சி. அவரும் ஒரு கட்டம் சேர்த்தார், 'மேடு' என்று.

அப்புறம் ஜூன் மாதத்துக்கு டிக்கெட் விலை பார்க்க உட்கார்ந்தார். தடுத்தது மகள்தான். "பப்பா, ஜூன்ல சூரின் மூடியிருக்குமே!"

ஆமாம். எல்லாக் கட்டமும் போட்டவர் மாதத்துக்கு ஒரு கட்டம் போடவில்லை. சூரின் பூங்காவை மே நடுவில் மூடினால் அக்டோபர் நடுவில்தான் திறப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கம் படகு போகாது. மலேசியாவின் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளில் கதை நேர்மாறு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று அடிக்கும். கடலும் கொந்தளிக்கும், விடுதிகளும் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும்.

எனவே உங்கள் வீட்டிலும் ஒரு டென்ட் அப்பா இருந்தால், முதலில் காலண்டரைக் கையில் கொடுங்கள். டிசம்பர் லீவு என்றால் தாய்லாந்தின் மேற்குக் கரை. கோடை லீவு என்றால் மலேசியாவின் கிழக்குக் கரை. மற்றதை மாமியார் பார்த்துக்கொள்வார்.