கூழ் ‘கூல்’ ஆன கதை

அப்பத்தா காய்ச்சிய கம்பங்கூழைப் பற்றி ஓர் இணையதளத்துக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். உரலில் கம்பு இடிபடும் சத்தம், இரவெல்லாம் புளித்த பானை, கடித்துக்கொள்ள மோர்மிளகாய் என்று மனசு வைத்து எழுதியது. மறுநாள் காலையிலேயே போன்.

“சார், கட்டுரை சூப்பர். ஆனா விளக்கு செவப்பா எரியுது.”

கட்டுரையை ஏற்றும் இடத்தில் ஒரு சின்ன மென்பொருள் உட்கார்ந்திருக்கிறதாம். எழுத்து கூகுளுக்குப் பிடிக்கும் என்று அதற்குப் பட்டால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. பேசிய தம்பிக்கு எஸ்.இ.ஓ. எக்ஸிகியூட்டிவ் என்று பதவி.

“சனங்க ‘கம்பு கூழ் செய்வது எப்படி’ன்னுதான் தேடுறாங்க சார். அந்தக் கீவேர்டு தலைப்புல, முதல் பாராவுல, சப்-ஹெட்டிங்ல எல்லாம் வரணும். உங்க கட்டுரையில ஒரு தடவைகூட இல்ல.”

“கம்பங்கூழ்னு பதினாலு இடத்துல இருக்கே தம்பி.”

“அது வேற சார்.”

வேறாம்! கம்பும் கூழும் சேர்ந்தால் கம்பங்கூழ் ஆகும் என்பது கூழ் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும், விளக்குக்குத் தெரியவில்லை. கூழை என்றாலும் தெரியாது, கூழுக்கு என்றாலும் தெரியாது. தமிழில் வேற்றுமை எட்டு. அதற்கு முதல் வேற்றுமை மட்டும்தான் செல்லும். எனவே தம்பி திருத்தி அனுப்பிய முதல் பத்தி இது: “கம்பு கூழ் செய்வது எப்படி என்று தேடுகிறீர்களா? கம்பு கூழ் செய்வது எப்படி என்பதை அறியும் முன், கம்பு கூழ் என்றால் என்ன என்று பார்ப்போம் வாங்க!”

விளக்கு பச்சையாகிவிட்டது. இன்னும் நன்றாக எரியட்டும் என்று தம்பி ஒரு கைங்கரியமும் செய்திருந்தார். “நெறைய பேரு ‘கம்பு கூல்’னு தப்பா டைப் பண்றாங்க சார். அதையும் ரெண்டு எடத்துல சொருகிட்டேன்.” ழகரத்துக்காக மேடை மேடையாகத் தொண்டை வறளப் பேசியவர்கள் மன்னிக்கவேண்டும், உங்கள் ழகரத்துக்குச் சந்தையில் விலை இல்லை. அப்பத்தா எங்கே என்று தேடினேன். “அந்தப் பாராவுல கீவேர்டே இல்ல சார், தூக்கிட்டேன்.”

தம்பியைத் திட்டிப் பயனில்லை. இது உலகளாவிய தொழில். தேடும் இயந்திரத்துக்கு ஒரு பக்கம், வரும் மனிதனுக்கு வேறு பக்கம் என்று காட்டியதற்காக ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தளத்தையே 2006-இல் கூகுள் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. கார் விற்கும் கோடீஸ்வரனே அங்கே வேஷம் கட்டியிருக்கிறான். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் கீவேர்டை ஒளித்து வைத்த மகான்களும் உண்டு. சரக்கில்லாத கட்டுரைகளைத் தொழிற்சாலைபோல் உருட்டிய தளங்களை 2011-இல் ‘பாண்டா’ என்ற மாற்றத்தால் கூகுள் கீழே தள்ளியது. திருடனும் போலீஸும் சேர்ந்து வளர்ந்தார்கள். நடுவில் மிதிபட்டவன் வாசகன்.

2018-இல் கூகுளின் விளம்பரத் திட்டம் தமிழ்ப் பக்கங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தமிழில் எழுதினால் நாலு காசு வரும் என்றதும் நானும்தான் மகிழ்ந்தேன். வந்தது என்ன? மழை கொட்டும் இரவில் ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா? வெளியானது முக்கிய அறிவிப்பு!’ என்று ஒரு தலைப்பு. பிள்ளைக்குச் சீருடையைத் தேய்ப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு தாய் அதைத் தொடுகிறாள். வடகிழக்குப் பருவமழை என்றால் என்ன என்று ஒரு பத்தி. விடுமுறை அறிவிக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு என்று ஒரு பத்தி. நடுநடுவே மூலநோய் மருந்து, ரம்மி, தங்க நகைக்கடன். அடிமட்டத்தில் ஒரு வரி: ‘இதுவரை அதிகாரப்பூர்வ அறிவிப்பு எதுவும் வெளியாகவில்லை.’ அடப்பாவிகளா! ஒன்றும் தெரியாது என்று சொல்லவா அந்தப் பொம்பளையை இவ்வளவு தூரம் நடக்க வைத்தீர்கள்?

போகட்டும், அது ஒரு நாள் தூக்கம். சர்க்கரை நோயில் கை வைக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ‘ஒரே வாரத்தில் சர்க்கரை நோய் காணாமல் போக’ என்று எழுதுகிறவன் மருத்துவனும் இல்லை, வைத்தியனும் இல்லை. வாடகைக்கு எழுதும் பையன். வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ என்று மூன்று துணைத்தலைப்பு போட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுகிறான், ‘கிட்னி கல் கரைய’. அவன் விளக்கு பச்சையாக எரிகிறது. அதை நம்பி இன்சுலினை நிறுத்துகிறவன் வீட்டில் எந்த விளக்கு எரியும் என்று எந்த மென்பொருளும் கணக்குப் பார்ப்பதில்லை.

சிநெட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பத் தளம் 2023-இல் தன் பழைய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் நீக்கியது. கழிவு குறைந்தால் கூகுள் மதிக்கும் என்று நினைப்பு. நம் ஊரிலும் ஆடிப்பெருக்கில் ஏட்டுச்சுவடிகளை ஆற்றில் விட்டார்கள். அதைக் கேட்டு உ.வே.சா. நெஞ்சு வெந்தார். அவர்களாவது சாமி காரியம் என்று நம்பி விட்டார்கள். இவர்கள் எந்தச் சாமிக்கு விட்டார்கள்?

அந்தச் சாமியும் சும்மா இல்லை. ‘மனிதர்களுக்காக எழுதுங்கள், தேடும் இயந்திரத்துக்காக எழுதாதீர்கள்’ என்று 2022 ஆகஸ்டில் கூகுளே அருள்வாக்குச் சொன்னது. கள்ளுக்கடைக்காரன் மதுவிலக்குப் பேசினாற்போல் இருந்தது. ஆனால் நம் ஆட்கள் அசரவில்லை. இயந்திரத்துக்குப் பிடிக்கும்படி மனிதர்களுக்காக எழுதுவது எப்படி என்று அடுத்த வாரமே வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், தரத்தை எடைபோடும் கையேட்டில் ‘அனுபவம்’ என்ற ஒன்றையும் கூகுள் சேர்த்தது. எழுதுகிறவர் அதைத் தானே பட்டறிந்தவரா என்று பார்க்கவேண்டுமாம்.

போன மாதம் தம்பி மறுபடி கூப்பிட்டார். கூழ்க் கட்டுரைக்கு ஆள் வரத்துக் குறைந்துவிட்டதாம். தேடினால் உச்சியிலேயே இயந்திரம் கூழ் காய்ச்சிக் கொடுத்துவிடுகிறது, உள்ளே யாரும் வருவதில்லை.

“சார், இப்ப அனுபவம்தான் ஓடுது. நான் தூக்குன அந்தப் பாராவைத் திரும்ப அனுப்புங்களேன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பத்தா திரும்பி வருகிறாள்! அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

“சார், ‘அப்பத்தா’வுக்கு சர்ச் வால்யூம் கம்மியா இருக்கு. ‘பாட்டி’ன்னு மாத்திக்கலாமா?”