‘இன்னும் ரெண்டாயிரம்’ விதி: முதல் கேமிங் கணினியின் பட்ஜெட் குறித்து ஓர் ஆய்வு

பட்ஜெட் என்றால் செலவுக்கு எல்லை கட்டும் தொகை என்று பொருளியல் பாடநூல்கள் சொல்லிவருகின்றன. பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி அசெம்பிள் செய்யும் முதல் கேமிங் கணினிக்கு இந்த வரையறை பொருந்தாது. அங்கே பட்ஜெட் என்பது செலவு புறப்படும் இடத்தைக் காட்டும் எண். அது போய்ச் சேரும் இடம் வேறொரு விதிக்கு உட்பட்டது. அறிவுலகம் இதுவரை கண்டுகொள்ளாத அந்த விதியை இங்கே முறைப்படி முன்வைக்கிறோம்: ‘எந்தப் பாகத்தைத் தேர்ந்தாலும், இன்னும் ரெண்டாயிரம் போட்டால் கிடைக்கக்கூடிய அதைவிட நல்ல பாகம் ஒன்று சந்தையில் இருந்தே தீரும்.’ ரெண்டாயிரம் என்பதை இங்கே ரூபாய்க் கணக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ‘பெரிசா ஒண்ணும் வித்தியாசம் இல்ல’ என்று வாங்குபவரையும் அவர் அப்பாவையும் ஒருசேர நம்பவைக்கும் எந்தத் தொகையும் இந்த அலகில் அடங்கும். சில வேளைகளில் அது ஆறாயிரமாகவும் இருக்கும். இவ்விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. கணினிக்கு மின்சாரம் ஊட்டும் எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் அது தலைகீழாக வேலை செய்யும்.

முதலில் விதியின் இயக்கம். அறுபதாயிரம் ரூபாயோடு, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குள் நுழையும் ஒரு மாதிரி வாங்குநரைக் கற்பனை செய்துகொள்வோம். கொட்டேஷன் தாளின் முதல் வரியில் இன்டெல் கோர் ஐ3-12100எஃப் எழுதப்படுகிறது. நான்கு கோர், தொடக்கக்காரருக்குத் தாராளம். ‘தம்பி, இன்னும் ஒரு ரெண்டாயிரம் போட்டீங்கன்னா ஐ5 வந்துரும், ஆறு கோர்’ என்கிறார் கடைக்காரர். மறுக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் ஐ5-ஐப் போய் எச்610 மதர்போர்டிலா மாட்டுவது? அதில் ரேம் சொருக இரண்டே ஸ்லாட். இன்னும் ரெண்டாயிரம் போட்டால் பி760. இப்படிப்பட்ட போர்டில் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060-க்குத் தாவியாகிறது. 4060 போன்ற கார்டை நாலாபுறமும் தகரம் அடைத்த கேபினெட்டில் பூட்டிவைப்பது நியாயமில்லை என்பதால் பக்கவாட்டில் கண்ணாடி வருகிறது. கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே ஒரே இருட்டு. ஆகவே ஆர்ஜிபி ஃபேன் மூன்று. இந்த ஏணியில் முட்டாள்தனமான படி என்று ஒன்றைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. ஒவ்வொரு படியும் அறிவுபூர்வமானது. கூட்டுத்தொகைதான் அப்படி இல்லை.

இதற்கு முன்னோடிகள் உண்டு. பிரெஞ்சு அறிஞர் தெனி தீதரோ 1769-இல் வெளிவந்த தன் கட்டுரையொன்றில், புதிதாக வந்த ஓர் அழகிய அங்கியின் பக்கத்தில் தன் பழைய நாற்காலியும் மேசையும் எடுபடாமல் போக, அறையின் சாமான்களை ஒவ்வொன்றாக மாற்ற நேர்ந்த கதையைப் புலம்பியிருக்கிறார். இதற்கே 1988-இல் கிரான்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் ‘தீதரோ விளைவு’ என்று பெயரிட்டார். ஆனால் தீதரோவின் அறைக்கு நான்கு சுவர் இருந்தது. சாமான்கள் தீர்ந்ததும் மாற்றமும் நின்றது. நம் வாங்குநருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காரணம், அவர் நம்பும் பாட்டில்நெக் கோட்பாடு. மெதுவான பாகம் மற்றவற்றையும் பின்னுக்கு இழுக்கும், ஆகவே அதை மாற்றவேண்டும் என்கிறது அக்கோட்பாடு. உண்மைதான். ஆனால் எந்தக் கணினியிலும் ஏதோ ஒன்று மற்றதைவிட மெதுவாக இருந்தே ஆகவேண்டும். அதை மாற்றினால் அந்தப் பதவி அடுத்த பாகத்துக்குப் போகும். எது பாட்டில்நெக் என்று ப்ராசசர் கட்சிக்கும் கார்டு கட்சிக்கும் நடக்கும் வழக்கோடு ஒப்பிட்டால், வடகலை தென்கலை நாமச் சண்டை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றே நம்பலாம்.

இனி விலக்கு. கொட்டேஷன் தாளில் எஸ்எம்பிஎஸ் கடைசி வரி. அந்த வரியை எழுதும்போது அறுபதாயிரம் எழுபத்தெட்டாகியிருக்கும். எங்காவது குறைத்தாக வேண்டும். எஸ்எம்பிஎஸ் நொடிக்கு ஒரு ஃபிரேம்கூடக் கூட்டித் தருவதில்லை, மின்னுவதில்லை, நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளவும் ஏதுமில்லை. எனவே ‘இதுல ரெண்டாயிரம் கொறச்சுக்கலாம்’ என்று முடிவாகிறது. மலிவான பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைக் கிட்டப்போய்ப் படித்தால் இந்தச் சிக்கனத்தின் தன்மை புரியும். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே பொடி எழுத்துக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 216 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பசியாறுவது இந்த 12 வோல்ட் வழியாகத்தான். ஐ5-12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை கேட்கும். ஏணியில் 4060 வரை ஏறாமல் ஆர்எக்ஸ் 6600-இலேயே நின்றவருக்கு அது மட்டும் 132. ஆக 249. எதிரி கதவை உடைத்து உள்ளே வரும் கட்டத்தில் கணினி அணைந்துபோவதற்கு இந்த 33 வாட் பற்றாக்குறையே போதும். வாங்குநரோ ப்ராசசரில் கோளாறு என்று எண்ணி இன்னும் ரெண்டாயிரம் தேடப் புறப்படுவார். விதியும் விலக்கும் உண்மையில் ஒரே நோயின் இரு முகங்கள். எண்ணாகக் காட்டிப் பெருமைப்பட முடிகிற இடத்தில் பணம் சேர்கிறது. முடியாத இடத்திலிருந்து கசிகிறது.

நோய் இதுவென்றால் மருந்தும் இதிலேயே இருக்கிறது. ஏணிக்கு ஒரு கூரை வேண்டும். கணினியின் பாகங்களில் கூரையாகும் தகுதி மானிட்டருக்கு மட்டுமே உண்டு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். கார்டு நொடிக்கு 60 ஃபிரேம் தந்தாலும் 140 தந்தாலும் மானிட்டரின் வேகம் அதுதான். 1080பி திரையில் உள்ள புள்ளிகள் 20,73,600. 4கே திரையில் சரியாக அதன் நான்கு மடங்கு. முந்தையதை நிரப்பப் போதுமான கார்டு பிந்தையதில் திணறும்; பிந்தையதற்கு ஏற்ற கார்டு முந்தையதில் பெரும்பாலும் சும்மா இருக்கும். எனவே தாளின் வரிசையை மாற்றி எழுதவேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. முதல் வரியில் மானிட்டர். அதை நிரப்பப் போதுமான மிக மலிவான கார்டு இரண்டாவது. அந்தக் கார்டுக்கு வேலை கொடுக்கத் தெரிந்த ப்ராசசர் மூன்றாவது. இரண்டின் வாட் கணக்கையும் கூட்டி, அதற்குமேல் தாராளமாக இடம்விட்டு எஸ்எம்பிஎஸ் நான்காவது. மிச்சத்தில் மற்றவை.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, மானிட்டர் காட்டாவிட்டாலும் கூடுதல் ஃபிரேம் வீண்போகாது, மவுஸ் அசைவு திரைக்கு வரும் தாமதம் குறையும் என்பது. இது மெய். ஆனால் தாமதத்தை மில்லிசெகண்டில் எண்ணுகிறவர்கள் ஆடும் வாலரன்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் போன்றவை கார்டை அதிகம் வதைக்காத கேம்கள். அவர்களுக்கு வேண்டியது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். அங்கே ஒரு ஃபிரேமின் ஆயுள் 16.7 மில்லிசெகண்டிலிருந்து 6.9-ஆகச் சுருங்கும். பணம் மறுபடியும் மானிட்டருக்கே போகிறது என்பதைக் கவனிக்க.

இரண்டாவது மறுப்பு எதிர்காலம். இன்று கூடப் போட்டால் நான்கு வருஷம் தாங்கும் என்பார்கள். எதிர்காலம் வேகத்தில் இல்லை, ப்ராசசர் பொருந்தும் சாக்கெட்டில் இருக்கிறது. 2017-இல் முதல் ரைசன் ப்ராசசரோடு ஏஎம்4 மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸ் மென்பொருளை மட்டும் புதுப்பித்து, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யை அதே போர்டில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைக் காப்பாற்றியது 2017-இல் கூடுதலாகக் கொடுத்த ரெண்டாயிரம் அன்று, கொடுக்காமல் வைத்திருந்தது. மூன்றாவது மறுப்பு, ஆர்ஜிபி விளக்கில் வரும் சந்தோஷத்துக்கு விலை இல்லையா என்பது. இதை ஆய்வு முழுமனதோடு ஏற்கிறது. பட்டியலில் சொன்னதைச் சொன்னபடி செய்யும் பாகம் அது ஒன்றுதான். மின்னுவேன் என்றது, மின்னுகிறது. எஸ்எம்பிஎஸ் வரியை எழுதி முடித்த பிறகு அதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

இந்த முறைப்படி வாங்கினால் அறுபதாயிரத்தில் கொஞ்சம் மிஞ்சவும் வாய்ப்புண்டு. அதைக் கண்டதும் பழைய விதி மறுபடி தலையெடுக்கும். ப்ராசசர் வரிக்குத் திரும்பிப் போகச் சொல்லும். போகவேண்டாம். கேமிங் கணினிக்காகப் போடப்படும் கொட்டேஷன்களில் ப்ராசசர் உண்டு, கார்டு உண்டு, பதினெட்டு சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. கேம் என்று ஒரு வரி மட்டும் எதிலும் இருப்பதில்லை. மிஞ்சிய தொகையை அங்கே எழுதலாம்.