பெரு நாட்டு நெத்திலியும் காசிமேட்டு மாப்ளையும்

இன்னா மாப்ளே, டப்பாவைக் கையில வச்சிக்கினு முழிக்கிறே? ஒமேகா த்ரீயா? ஞாபக சக்திக்கா? ரொம்ப சந்தோஷம். மருந்துக் கடைக்கு எந்த வழியாப் போனே? காசிமேடு ஹார்பர் பக்கமாத்தானே? ஏலத்துல நெத்திலியும் மத்தியும் கூடை கூடையா எறங்கிக்கினு இருந்திருக்கும். நீ மூக்கைப் பொத்திக்கினு வண்டியை முறுக்கியிருப்பே. உலகத்துல மீனெண்ணெய்க்குப் பெரிய கை எது தெரியுமா? பெரு நாடு. அங்க அதுக்குன்னு புடிக்கறதும் நெத்திலி ஜாதிதான். நம்மூரு நெத்திலி பாஸ்போர்ட் எடுக்கலன்னு இப்படியா மருவாதி இல்லாம நடத்துவே?

மூளையில இருக்கற தண்ணியைக் கழிச்சிட்டா பாதிக்கு மேல கொழுப்புதான். அதுல டிஎச்ஏ-ன்னு ஒமேகா த்ரீ ஜாதியில ஒண்ணு. நம்ம ஒடம்பு தானா அதைச் செஞ்சிக்கறது சொற்பம். மத்தியிலயும் கானாங்கத்தையிலயும் அது எக்கச்சக்கம். ஆனா மாமியா வீட்டுக்குப் போனா வஞ்சிரம்தான் வாங்கணும், இல்லன்னா கவுரவம் போயிடும், இல்ல? சின்ன மீனைத் துன்னு துன்னுதான் வஞ்சிரமும் சுறாவும் பெருசாவுது. கடல்ல இருக்கற பாதரசமும் அதோட சேந்து அதுங்க ஒடம்புலதான் தங்குது. காசும் அதிகம், பாதரசமும் அதிகம். ஏழை மீனுக்கு அந்தத் தொல்லை கம்மி.

சரி, மத்தியே வாங்கினேன்னு வை. இன்னா பண்ணுவே? மாவைப் பொரட்டி, கருகற வரிக்கும் பொரிப்பே. 2014-ல அமெரிக்காவுல, பிட்ஸ்பர்க் பக்கம், 260 பெருசுங்க மூளையைப் படம் புடிச்சிப் பாத்தாங்களாம். வாரத்துக்கு ஒரு தபாவாவது சுட்ட மீனோ வாட்டுன மீனோ துன்னவங்களுக்கு ஞாபகம் வைக்கிற எடம் கொஞ்சம் பெருசா இருந்துச்சாம். பொரிச்ச மீன் துன்னவங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்ல. உங்க அத்தை வக்கிற மாங்கா போட்ட நெத்திலிக் கொழம்பு அந்த லிஸ்ட்டுல இல்ல. அமெரிக்காக்காரனுக்குக் குடுத்து வக்கல.

நான் எப்படிப் படிச்சேன்னு பாக்கறியா? பேத்தி செல்லுல படிச்சிக் காட்டுவா. சிகாகோவுல 2015-ல மூளைக்குன்னே ஒரு சாப்பாட்டுப் பட்டியல் போட்டாங்களாம்: கீரை, கொட்டைப் பருப்பு, மீன், புளூபெர்ரி. நாவப்பழம்னா நாக்கு நீலமாவும்னு ஓடுவே, புளூபெர்ரின்னா போட்டோ புடிச்சிப் போடுவே. அந்தப் பட்டியலை 604 பேர்ல பாதிப் பேருக்கு மூணு வருசம் குடுத்துப் பாத்து 2023-ல ரிசல்ட்டு சொன்னாங்க. சாதாரணமா அளவாத் துன்னவங்களுக்கும் இவங்களுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல! பேத்தி இதைப் படிச்சப்போ எனக்கு ஒரே குஷி. மூணு வருசம் ரொம்பக் கம்மின்னு சில டாக்டருங்க சொல்றாங்க, அதுலயும் நாயம் இருக்குது. ஆனா ஒண்ணு, டப்பாக்காரன் இந்தக் கதையை உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டான்.

2024-ல லான்செட்டுன்ற டாக்டருங்க பத்திரிகையில மறதி நோயைக் கிளப்பி விடுற 14 சங்கதியை எழுதுனாங்க. எல்லாத்தையும் சரி பண்ணா நூத்துக்கு நாப்பத்தஞ்சு பேருக்கு அது வராமலோ தள்ளிப்போயோ இருக்கலாமாம். அதுல மீன் பேரும் இல்ல, வல்லாரை பேரும் இல்ல. பிரஷர் இருக்குது, சக்கரை இருக்குது, கொலஸ்ட்ரால், தொப்பை, தண்ணி, பீடி எல்லாம் இருக்குது. சாப்பாடு பின்வாசல் வழியாத்தான் உள்ள வருது.

பட்டினத்தாருக்கு நம்ம திருவொற்றியூர் வந்தப்புறம்தான் பேய்க்கரும்பு இனிச்சுதுன்னு கதை. இப்போ ஊருல ரத்தமே இனிக்குது. பிரஷரை ஏத்தறதுக்குக் காலையில கருவாடு, மதியம் ஊறுகா, சாயங்காலம் பஜ்ஜி. உப்பு ஒரு நாளைக்கு அஞ்சு கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கணும்னு ஒலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நீ அதை நாஷ்டாவுலயே முடிச்சிடறே. ராத்திரி டாஸ்மாக்கு வேற. தினம் குடிக்கறவன் சரியாத் துன்ன மாட்டான், துன்னதுலயும் பி1 வைட்டமின் ஒட்டாது. அது அடியோட தீந்துதுன்னா நேத்து நடந்ததே மண்டையில நிக்காது. அப்புறம் இல்லாததை எல்லாம் நடந்த மாதிரியே கதை கட்டுவான். பொய்யின்னு அடிக்காதே, அது நோவு.

இப்போ உங்கம்மா விசயத்துக்கு வா. அதுக்குத்தானே இந்த டப்பாவே. எங்கக்கா சாவியை வச்ச எடம் மறக்குது, பேரை மாத்திக் கூப்புடுது. அது இன்னா துன்னுதுன்னு எப்பனா பாத்தியா? பல்லு செட்டு வலிக்குதுன்னு மூணு வேளையும் டீ, பொறை. மீனு, முட்டை எல்லாம் வுட்டுப் போச்சு. சக்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருசமா ஓடுது. நெஞ்செரிச்சலுக்கு வேற தெனம் ஒரு மாத்திரை. பி12 மாமிசம், மீனு, முட்டை, பாலுலதான் வரும். அந்த ரெண்டு மாத்திரையும் வருசக்கணக்கா ஓடுனா வர்ற கொஞ்சத்தையும் ஒடம்புல சேர வுடாது. பி12 கொறைஞ்சா மறதி நோய் மாதிரியே வேஷம் கட்டும். சீக்கிரம் கண்டுபுடிச்சி ஊசியோ மாத்திரையோ குடுத்தா நெறைய பேருக்குத் தெளியும். ஒரே ஒரு ரத்த டெஸ்ட்டு. தைராய்டையும் சேத்துப் பாக்கச் சொல்லு. நீயா மாத்திரையை நிறுத்திப் பெரிய டாக்டர் ஆவாதே.

அந்த 14-ல காத்து மாசும் ஒண்ணு, சொல்ல மறந்துட்டேன். எண்ணூர்ல அனல் மின் நிலையம், மணலியில சுத்திகரிப்பு ஆலை. காத்து மட்டுமா, தண்ணியும்தான்: 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெய் கழிமுகம் வரிக்கும் மெதந்து வந்தப்போ வலையே கறுப்பாச்சு. இதுக்கு நெத்திலிக் கொழம்பு மருந்து கெடையாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு போட்டா நானும் கையெழுத்துப் போடறேன், தமிழ்லயே.

நாளைக்கு வெறும் வயித்துல அக்காவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. ரத்தம் குடுத்தப்புறம் ரெண்டு முட்டை வாங்கிக் குடு. டப்பா பிரிக்கலல்ல? பில்லு இருந்தா திருப்பிக் குடுத்துடு. அந்தக் காசுக்கு மத்தி வாங்கி, அரைக் கிலோ இங்கயும் அனுப்பு.