மூணு அங்குல முதலாளி

சிவகாசித் தெருவில் சின்ன முதலாளி வருகிறார் என்றால் முதலில் டயர் வரும். அப்புறம் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் அவர் முகம் தெரியும்.

அப்பாவுக்குக் காலண்டர் அச்சகம். மகனுக்கு இசுசு வி-கிராஸ் பிக்கப். கம்பெனி கொடுத்த உயரம் போதவில்லை. முன்னால் காயில் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர், பின்னால் கமான் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு இரும்புக்கட்டை. ஆக 2 அங்குலம். 245/70 டயரைக் கழற்றி 265/75 மாட்டியதில் இன்னொரு 2. மொத்தம் நாலு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பட்டறைப் பையன்தான் போட்டு உடைத்தான்: “அண்ணாச்சி, டயரு மேலயும் கீழயும்ல வளருது! அச்சு பாதிதான் ஏறும்.” அன்று போனது ஒரு அங்குலம்.

எதற்கு இந்த உயரம் என்றால், “ஆஃப்ரோடு” என்பார். நம் கரிசல் காடோ பலகையாய்க் கிடக்கிறது. மேற்கே மலை உண்டு. 2021-லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம், இஷ்டத்துக்கு ஏறி இறங்கப் புலிக்குத்தான் உரிமை. மழை பெய்தால் அருமையான கரிசல் சேறு கிடைக்கும். ஆனால் அன்றைக்கு வண்டி ஷெட்டை விட்டு வராது, யார் கழுவுவது? இதுவரை அது தொட்ட சிகரம், விருதுநகர் எண்ணெய் பரோட்டாக் கடையின் வாசல்படி.

டயர் பெருத்ததால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் ஓடுகிறது. “மீட்டருக்கே தெரியாமப் போறோம்ல!” என்று அதற்கும் ஒரு பெருமை. கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்கிறது சட்டம். எடுத்துச் சொன்னால், “நாலு டயரும் ஒரே மாற்றந்தான?” என்று கணக்குக் கேட்கிறார்.

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். பெட்டிகள் பார்சல் ஆபீஸ் போகவேண்டும். “தம்பி, உன் வண்டிய எடு” என்றார் அப்பா. லோடுமேன் பாடியை அண்ணாந்து பார்த்தார். “சின்ன மொதலாளி, இதுல ஏத்தணும்னா மொதல்ல எங்களத் தூக்கி ஏத்துங்க.”

பெட்டிகள் சின்ன யானையில் போயின.

பிக்கப்பின் பாடி காலி என்று சொல்லிவிட முடியாது. அம்மா கோவிலுக்குப் போக ஏறவும் இறங்கவும் ஒரு பச்சை பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் அதில் கிடக்கும். வேகத்தடை வரும்போதெல்லாம் ஒரு குதி குதிக்கும்.