பல்லைக் கடி பிளாக்

வயிற்றைக் கிழித்துத் தைத்தபின் வரும் வலிக்கு எது மேல்? மயக்க மருந்து மாநாடுகளில் இதற்கு அடிதடி ஒன்றுதான் பாக்கி. முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்தேற்றும் எபிடியூரல்தான் ராஜா என்பார் ஒருவர். பிபி இறங்கும், நர்ஸ் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பார் அடுத்தவர். 2001இல் வந்த டாப் பிளாக்கைத் தூக்கிப் பிடிப்பார் மூன்றாமவர்: வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே ஊசி, வெட்டின இடம் மரத்துப்போகும். கர்ப்பப்பை இறுகும் வலிக்கு அது எட்டாதே என்று மடக்குவார் நான்காமவர். சிசேரியனுக்குப் போடும் முதுகு ஊசியிலேயே துளி மார்பின் கலந்தால் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அதன்மேல் டாப் பிளாக் போட்டும் பெரிதாய் லாபமில்லை. நான்காமவர் சொல்வதே சரி.

ஆம்பூர், வாணியம்பாடிப் பெண்களைக் கேளுங்கள், ஐந்தாவது முறை ஒன்றைச் சொல்வார்கள். ஊசி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். "ஊர்ல இல்லாத வலியா உனக்கு? பல்லைக் கடிச்சிக்கோம்மா!" உடனடிப் பலன்: வாய் மூடிக்கொள்ளும்.

அப்படிப் பல்லைக் கடித்த ஒருத்தி ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைப்பவள். அவள் தைக்கும் தோலை மெஷினில் மாட்டி ஆயிரக்கணக்கான தடவை மடக்கிப் பார்ப்பார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், எந்த அளவில் கிழிகிறது என்று எண்ணால் எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். செத்த மாட்டின் தோலுக்கு இத்தனை மரியாதை! அவள் வயிற்றைத் தைத்தபிறகு, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்க நாதியில்லை. கேஸ் ஷீட்டில் ஜுரத்துக்குக் கட்டம் உண்டு, மூத்திரத்துக்குக் கட்டம் உண்டு.

மருந்துக்குப் பஞ்சமா? மரத்துப்போகச் செய்யும் பியூபிவக்கேன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் லைசென்ஸ் கொடுத்து, மார்பின் எடுக்கும் அபினை விளைவித்து ஏற்றுமதியும் செய்கிறது சர்க்கார். ஆனால் வார்டில் மார்பின் என்றதும் 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அதை 2014இல் தளர்த்தியது மட்டும் வராது. தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. கத்தி வைப்பதில் நாம் பின்தங்கவில்லை.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ். "எழுந்து நட, இல்லாட்டி கால்ல ரத்தம் கட்டிக்கும்" என்கிறார் டாக்டர். நியாயம்தான். கட்டில் கம்பியைப் பிடித்துப் பாதி எழுந்தவள் அப்படியே சரிகிறாள். கேஸ் ஷீட்டில் கடைசியாக ஒரு வரி ஏறுகிறது: நோயாளி ஒத்துழைக்கவில்லை.