பாடத்திட்டத்துக்கும் ஒரு இ-பாஸ்

ஒரு பட்டப் படிப்பில் என்னென்ன பாடம் இருக்க வேண்டும் என்பதை யாரோ மேதைகள் மரத்தடியில் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்கிறார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த மேதைகளில் நானும் ஒருவனாக நியமிக்கப்பட்ட பிறகு அந்த மரியாதை போய்விட்டது.

நான் மதுரையில் டிராவல்ஸ் நடத்துகிறவன். தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை வகுக்கும் போர்டு ஆஃப் ஸ்டடீஸில் யார் யார் உட்கார வேண்டும் என்று யு.ஜி.சி. சொல்லி வைத்திருக்கிறது. துறைத் தலைவர், துறையின் ஆசிரியர்கள், வெளியிலிருந்து நிபுணர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், பழைய மாணவர் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர். அந்தக் கடைசி ஒருவர் நான். பி.ஏ. சுற்றுலாவை ‘நிலைத்த வளர்ச்சியும் சுற்றுலாவும்’ என்று புதுப்பிக்கப் போவதாக ஹெச்.ஓ.டி. வந்து அழைத்தார். சனி, ஞாயிறு ஆனால் கொடைக்கானலுக்கு வேன் வேனாக ஆள் அனுப்புகிறவனிடம் நிலைத்த வளர்ச்சிக்கு யோசனை கேட்கிறார்களே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. “சிட்டிங் ஃபீஸ் உண்டு சார்” என்றார். அந்த ஒரு மாதிரி சரியாகிவிட்டது.

கூட்டம் தொடங்கியதும் திரையில் ஓர் எக்ஸெல் தாள் விரிந்தது. மூன்று வருஷம், ஆறு செமஸ்டர், மொத்தம் 140 கிரெடிட். தாளின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம். கூட்டுத்தொகை 140 வரை அது சாதுவாக வெள்ளையாக இருக்கும். 141 ஆனால் செக்கச் செவேலென்று ஆகிவிடும். அன்று முழுக்க நாங்கள் பதினோரு பேர் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். நான்கு செமஸ்டருக்கு இவை இரண்டும் சேர்ந்து 24 கிரெடிட். இதில் யாரும் கை வைக்க முடியாது. பகுதி ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி. வகையறா, ஒரு கிரெடிட். பகுதி நான்கில் வேல்யூ எஜுகேஷன், அப்புறம் ஈ.வி.எஸ். என்கிற சுற்றுச்சூழல் கல்வி.

எனக்கு ஒரு சந்தேகம். “டிகிரியே சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்டதுதானே சார், இந்தப் பிள்ளைங்களுக்குத் தனியா ஈ.வி.எஸ். எதுக்கு?”

“சுப்ரீம் கோர்ட் ஆர்டர் சார்” என்றார் ஹெச்.ஓ.டி. எல்லாரும் ஒரு கணம் மௌனமானார்கள். உண்மைதான். 1991-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சியாக, எந்த டிகிரி படித்தாலும் ஈ.வி.எஸ். கட்டாயம் என்றாயிற்று. ஆகவே மீன்குஞ்சுக்கும் நீச்சல் வகுப்பு உண்டு, இரண்டு கிரெடிட்.

மிச்சம் இருப்பது பகுதி மூன்று. அதாவது படிப்பு. இங்கேதான் கூட்டம் அலைமோதியது.

வெளியூரிலிருந்து வந்த நிபுணர் மேடம் முதலில் பேசினார். நிலைத்த வளர்ச்சிக்கு இலக்கணம் சொன்ன புருண்ட்லாண்ட் அறிக்கை, 1987, ஒரு தாள். ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகள், 2015, ஒரு தாள். சுற்றுலாக் கோட்பாடுகள் ஒரு தாள். அதில் பட்லர் 1980-இல் சொன்ன சுற்றுலாத் தலத்தின் வாழ்க்கைச் சுழற்சி கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். யாரும் கண்டுகொள்ளாத ஊரைச் சிலர் கண்டுபிடிப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் கடை போடுவார்கள், பெரிய முதலாளிகள் வருவார்கள், ஊர் நிரம்பும், பிறகு தேங்கும், அதற்குப் பிறகு ஒன்று சரியும், இல்லாவிட்டால் வேறு அவதாரம் எடுக்கும். கேட்கக் கேட்க எனக்குக் கொடைக்கானல் வரலாறு தெரிந்தது. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் நம் வெயில் தாங்காமல் மேலே ஏறி பங்களா கட்டியது முதல் கட்டம். தேங்கும் கட்டத்தில் என் வேன்கள் நிற்கின்றன.

வணிகவியல் ஆசிரியர் கணக்கியல் இல்லாமல் எந்த டிகிரியும் டிகிரியே இல்லை என்றார். துணைவேந்தரின் பிரதிநிதி யோகாவும் வெல்னஸ் டூரிசமும் வேண்டும் என்றார். பழைய மாணவர் ரிசார்ட் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி. “ரீல்ஸ் போடத் தெரியாதவனை எவனும் வேலைக்கு எடுக்கிறதில்ல சார்” என்று டிஜிட்டல் மார்க்கெட்டிங்கை உள்ளே ஏற்றினார். ஒருவர் கோயில் கட்டடக்கலை, இன்னொருவர் பேரிடர் மேலாண்மை. கட்டம் 151-ல் நின்று தகதகவென்று சிவந்தது.

எனக்கு மே மாதத்துச் சனிக்கிழமை காலை வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் நிற்கிற வண்டி வரிசைதான் ஞாபகம் வந்தது. அதே கூட்டம், அதே ஹாரன். ஒவ்வொருவரும் தன் வண்டி மட்டும் மேலே போனால் போதும், பின்னால் வருகிறவனைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிற அதே தர்மநியாயம்.

சரி, எதையாவது எடுப்போம் என்று பழைய பாடத்திட்டத்தைப் புரட்டினோம். ‘ஏர்லைன் டிக்கெட்டிங்’ என்று ஒரு தாள், ஐந்து கிரெடிட். மூன்றாவது யூனிட்டில் காகித டிக்கெட்டைக் கையால் எழுதும் முறை: எந்தக் கூப்பன் பயணிக்கு, எந்தக் கூப்பன் ஏஜெண்டுக்கு, கார்பன் எப்படிப் பதிய வேண்டும். நான்காவது யூனிட்டில் ஃபேக்ஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தொழில் பழகிய காலம் அது. ஆனால் விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா காகித டிக்கெட்டுக்கு முழுக்குப் போட்டது 2008-இல். இப்போது இந்தத் தாளை எழுதப்போகும் பையன் அப்போது பால் குடித்துக்கொண்டிருந்திருப்பான்.

“இதை எடுத்துடலாமே” என்றேன்.

அறை அமைதியானது. ஹெச்.ஓ.டி. என் காதருகே குனிந்தார். “அது நம்ம சார் எடுக்கிற பேப்பர்.”

அப்போதுதான் பாடத்திட்டத்தின் அஸ்திவாரம் எனக்குப் புலப்பட்டது. உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. ஒர்க் லோடு என்பார்கள். ஒரு தாள் போனால் ஒருவருக்கு ஐந்தாறு மணி நேரம் குறையும். குறைந்தால் அந்தத் துறைக்கு இத்தனை பேர் எதற்கு என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவர், கடைசிப் பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் கெஸ்ட் லெக்சரர். அவரைப் பார்த்தேன். அவர் ஃபேக்ஸ் யூனிட்டைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே வெளியே தாள் என்று பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஒருவருடைய சம்பளம். மேற்கொண்டு நான் பேசவில்லை. தாளின் பெயரை மட்டும் ‘பயணச்சீட்டு முறைகள்: நேற்று, இன்று, நாளை’ என்று மாற்றி நிலைநிறுத்தினார்கள். நிலைத்த வளர்ச்சியில் முதல் பாதி நிறைவேறியது.

டாக்ஸி என்று ஓர் அறிஞர் 1975-இல், சுற்றுலாக்காரர்களைப் பார்க்கப் பார்க்க உள்ளூர்க்காரர்களின் மனசு நான்கு கட்டமாக மாறும் என்று சொல்லியிருப்பதை மேடம் விளக்கினார். முதலில் குதூகலம், பிறகு அலட்சியம், பிறகு எரிச்சல், கடைசியில் பகை. இதற்குக் கள ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. பத்து மணிக்கு வடையும் காபியும் வந்தபோது குதூகலம். பதினொன்றரைக்கு எல்லாரும் செல்போனைத் தடவினார்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு தாமதமானதில் எரிச்சல். மூன்று மணிக்கு வணிகவியல்காரரும் யோகாக்காரரும் ஒருவரையொருவர் ‘ஐயா’ என்று அழைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

இடையில் சுழற்சிப் பொருளாதாரம் வந்தது. ஐரோப்பிய உதாரணங்கள் வரிசையாக வந்தன. நான் சொன்னேன்: “மேடம், நம்மூர்லயே இருக்கே. நீலகிரியில 2022-இலிருந்து டாஸ்மாக்ல பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்குறாங்க. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டுல கண்ணாடி உடைஞ்சு யானை கால்ல குத்துதுன்னு ஹைகோர்ட் தலையிட்டு வந்தது.”

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. யாருக்கும் தட்டச்சு செய்யத் தைரியம் வரவில்லை. “சார், பொண்ணுங்களும் படிக்கிற காலேஜ். சிலபஸ்ல டாஸ்மாக்னு போட்டா பேரண்ட்ஸ் மீட்டிங்ல யார் பதில் சொல்றது?” கடைசியில் ‘வைப்புத்தொகை மீட்பு முறை: ஒரு மலை மாவட்டத்தின் அனுபவம்’ என்று ஏறியது. வகுப்பில் இதைக் கேட்கும் பிள்ளைகள் ஏதோ கூட்டுறவு வங்கி என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் அப்பாக்கள் சரியாக விளக்கிவிடுவார்கள்.

கடைசியாக என் முறை. நான் கேட்டது ஒரே ஒரு தாள்: தாங்குதிறன். ஓர் ஊர் எத்தனை பேரைத் தாங்கும்? தண்ணீர் எவ்வளவு, குப்பை எவ்வளவு, வண்டி நிறுத்த இடம் எவ்வளவு? இது தெரியாததால்தானே 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது? உயர் நீதிமன்றம் சென்னை ஐ.ஐ.டி.யையும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மையும் கணக்குப் பார்க்கச் சொன்னது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி, ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பு போட்டார்கள். அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் தடையில்லை. “இந்தக் கணக்கை நம்ம பிள்ளைங்க செக்போஸ்ட்ல நின்னு, எண்ணிப் பார்த்துப் படிக்கட்டும். என் பொழைப்புல நானே மண்ணைப் போட்டுக்கிற பேப்பர்தான். ஆனா ஊர் இருந்தாத்தான் எனக்கும் சவாரி” என்றேன்.

கைதட்டினார்கள். டிகிரியின் உயிர்நாடியே இதுதான் என்றார் மேடம். உடனே சேர்க்கச் சொன்னார் துணைவேந்தரின் பிரதிநிதி. ஹெச்.ஓ.டி. எக்ஸெலில் தட்டினார். யோகாவைச் சுருக்கி, கணக்கியலை வெட்டி, பாடாய்ப் பட்டு 140-க்குக் கொண்டு வந்திருந்த கட்டம் மறுபடி சிவந்தது.

“இடம் இல்லையே சார்.”

தாங்குதிறன் பற்றிய தாளை டிகிரியால் தாங்க முடியவில்லை.

அரை மணி நேர மௌனத்துக்குப் பிறகு கெஸ்ட் லெக்சரர் முதன்முறையாக வாய் திறந்தார். “என்.எம்.இ.ல போடலாமே சார்?” அதாவது நான்-மேஜர் எலெக்டிவ், இரண்டு கிரெடிட். எல்லார் முகமும் மலர்ந்தது. எனக்கு மட்டும் விதி தெரியாது. விளக்கினார்கள். ஒரு துறை வழங்கும் என்.எம்.இ.யை அந்தத் துறை மாணவர்கள் எடுக்கக் கூடாது. மற்ற துறைக்காரர்கள்தான் எடுக்க வேண்டும். அதாவது சுற்றுலா படிக்கிறவர்கள் தாங்குதிறன் படிக்க மாட்டார்கள். பி.காம். பிள்ளைகளும் வேதியியல் பிள்ளைகளும் படிப்பார்கள்.

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. என் வேனில் ஏறுகிறவர்கள் யார்? பி.காம். பிள்ளைகளும் வேதியியல் பிள்ளைகளும்தானே. சுற்றுலா படித்தவன் ஆளைக் கூட்டிக்கொண்டு வரப் படித்தவன். அவன் ‘மேலே ஏறாதே’ என்று சொன்னால் சம்பளம் வராது. ‘இந்த வாரம் கூட்டமா இருக்கும், அடுத்த வாரம் போகலாம், பஸ்ல போகலாம்’ என்று சொல்ல வேண்டியவன் ஏறுகிறவன்தான். போர்டு ஆஃப் ஸ்டடீஸ் தெரியாத்தனமாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டது. தொழில்துறைப் பிரதிநிதியின் ஆலோசனைப்படி என்று மினிட்ஸில் எழுதி, என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது ஹெச்.ஓ.டி.யிடம் கேட்டேன், “அந்தத் தாங்குதிறன் பேப்பருக்கு எத்தனை சீட் சார்?”

“அதுக்கு லிமிட்டே இல்ல சார்” என்றார் சந்தோஷமாக. “எத்தனை பேர் வந்தாலும் சேர்த்துக்குவோம்.”