மடிக்கணினி மகாத்மியம்

இந்தக் கலியில் முக்தித் தலங்கள் இடம் மாறிவிட்டன. காசிக்குப் போனால் பாவம் மட்டும்தான் தொலையும். சியாங் மாய்க்குப் போனால் மேனேஜரே தொலைந்துவிடுவார். வடக்குத் தாய்லாந்தில், தோய் சுத்தேப் மலையடியில், அகழி சூழ்ந்த பழைய நகரம் அது. அதற்கு மேற்கே நிம்மான்ஹேமின் என்றொரு சாலை. அடியார்கள் செல்லமாக நிம்மான் என்பார்கள். அங்கே காபிக்கடைதோறும் மேசைக்கொரு மடிக்கணினி, மடிக்கணினிக்கொரு வெள்ளைக்காரர், அவர் காதில் உலகத்துச் சத்தம் எதுவும் புகாத ஹெட்போன். காலையில் வாங்கிய ஒற்றை லாட்டேயை மதியம்வரை ஆறவிட்டுக் காப்பாற்றிக்கொண்டு, அவர் கம்பெனி நடத்துகிறார்.

கம்பெனி என்றால் ஆபீஸ் இருக்கும், குடோன் இருக்கும், குறைந்தபட்சம் சரக்காவது இருக்கும் என்று நினைப்பவர்கள் பழைய பஞ்சாங்கம். ஒஹாயோவில் ஒரு பாட்டி தன் நாய்க்கு இருட்டில் மின்னும் கழுத்துப்பட்டை வேண்டும் என்று 30 டாலர் கட்டுகிறார். பணம் ஷாப்பிஃபையில் போட்ட கடைக்கு வருகிறது. கடைக்காரர் அதே பட்டையை அலிஎக்ஸ்பிரஸில் 4 டாலருக்கு ஆர்டர் போட்டு, பாட்டியின் விலாசத்தை ஒட்டிவிடுகிறார். சீனாவில் ஏதோ ஒரு குடோனிலிருந்து பட்டை கிளம்பி, மூன்று வாரம் கழித்துப் போய்ச் சேர்கிறது. அதற்குள் நாய் வளர்ந்திருக்கும். மிச்சக் காசில் பெரும்பங்கை ஃபேஸ்புக் விளம்பரம் தின்றிருக்கும். நடுவில் உட்கார்ந்தவர் பட்டையையும் தொடவில்லை, நாயையும் பார்க்கவில்லை. நம்மூர் மாட்டுத் தரகராவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார். ஆனால் அவர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினால் ஏமாற்று, இவர் பேசினால் தொழில்முனைவு.

இந்த மதத்துக்கு வேதமும் உண்டு. மகிமோட்டோவும் மேனர்ஸும் 1997லேயே 'டிஜிட்டல் நோமேட்' என்று புத்தகம் போட்டு வரப்போவதை உரைத்தார்கள். 2007ல் டிம் ஃபெரிஸ், வாரத்துக்கு நான்கு மணி நேரம் உழைத்தால் போதும் என்று புத்தகத் தலைப்பிலேயே எழுதினார். மீதி வேலையை யார் செய்வது என்று அசட்டுத்தனமாகக் கேட்காதீர்கள். அதற்கும் அதிலேயே வழி இருக்கிறது: வெளிநாட்டு உதவியாளர் தலையில் கட்டு. உதாரணத்துக்கு வந்த ஊர் பெங்களூர். ஆக, அந்த நான்கு மணி நேரம் அவருடையது. தலைப்பில் விட்டுப்போன மீதி நேரம் நம்முடையது.

அந்த மீதி நேரத்தைப் பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு மாடி அறையில் பார்க்கலாம். ராத்திரி இரண்டு மணி. இன்வெர்ட்டர் சத்தம். எம்.ஏ. படித்த ஒரு பெண், 'எம்மா' என்ற பெயரில், ஒஹாயோ பாட்டிக்குப் பதில் டைப் அடித்துக்கொண்டிருப்பாள். பட்டை ஏன் வரவில்லை என்று எம்மாவுக்கும் தெரியாது. பக்கத்தில் ஒட்டிவைத்த தாளில் பன்னிரண்டு பதில்கள் இருக்கின்றன. முதல் கோபத்துக்கு மன்னிப்பு. இரண்டாம் கோபத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடி. மூன்றாம் கோபத்தில் வாடிக்கையாளர் 'சார்ஜ்பேக்' (கார்டில் கட்டிய காசை வங்கி வழியே திரும்பப் பிடுங்குவது) என்று சொல்லிவிட்டால், உடனே முதலாளிக்கு மெசேஜ். முதலாளி அப்போது தூங்கிக்கொண்டிருப்பார், ஏனென்றால் நல்ல தூக்கம்தான் படைப்பாற்றலின் ஊற்று என்று அவருடைய பாட்காஸ்ட் சொல்கிறது. எம்மாவுக்கு மணிக்கு மூன்று, நான்கு டாலர். பி.எஃப். இல்லை, லீவு இல்லை, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை. 'எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்' என்பது அவளுக்கும் பொருந்தும்: ஹாலில் பார்க்கலாம், மாமியார் தூங்கிவிட்டால் படுக்கையறையிலும் பார்க்கலாம்.

விசா மகிமை இன்னும் உயர்ந்தது. ஒர்க் பெர்மிட் இல்லாமல் வெளிநாட்டவர் வேலை பார்ப்பது தாய்லாந்துச் சட்டப்படி குற்றம். நிம்மானில் பல வருடங்களாக இவர்கள் டூரிஸ்ட் விசாவில் உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கெடு முடிகிறபோது வேன் பிடித்து மே சாய் எல்லைக்குப் போவார்கள். பாலத்தைத் தாண்டினால் மியான்மரின் தாச்சிலேக். 500 பாட் கட்டி, முத்திரை வாங்கி, சந்தையில் ஒரு நடை நடந்து, அதே பாலத்தில் திரும்பினால், இதோ, தாய்லாந்துக்கு இப்போதுதான் வந்திறங்கிய புத்தம்புது சுற்றுலாப் பயணி! இமிகிரேஷன்காரருக்கு முகம் தெரியும், முத்திரை தெரியும், விஷயமும் தெரியும். கடைசியில் அரசே இறங்கிவந்து, 2024 ஜூலையில் இவர்களுக்கென்று ஒரு விசா கொண்டுவந்தது. ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு வருகைக்கும் 180 நாள். வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பதாகக் காட்டினால் சரி. டாலர் வைத்திருப்பவன் சட்டத்தை மீறினால் சட்டம்தான் வெட்கப்பட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

அதே நிம்மானில் அடுக்குமாடி கட்டுகிறவர்களும் வெளிநாட்டவர்கள்தான். மியான்மரின் ஷான் மாநிலத்திலிருந்து ஓடிவந்தவர்கள். கட்டடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் குடியிருப்பார்கள். அவர்களுக்கு ஒரு இளஞ்சிவப்பு அட்டை, அதற்குப் பதிவு, அதற்குப் புதுப்பிப்பு, ஒவ்வொன்றுக்கும் கட்டணம், இடையில் புரோக்கர். அட்டை ஒருநாள் காலாவதியானால் வேன் வரும். ஆனால் அது திரும்பிக் கூட்டிவருகிற வேன் அல்ல.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்தப் பக்கம் வயலையும் காட்டையும் எரிக்கிறார்கள். புகை மூடினால் எதிரே இருக்கும் மலையே தெரியாது. உலகத்திலேயே மோசமான காற்று உள்ள நகரம் என்று சியாங் மாய் முதலிடம் பிடிக்கிற நாட்களும் உண்டு. நம் தொழில்முனைவோர் மடிக்கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வியட்நாமுக்கோ ஏதாவது தீவுக்கோ பறந்துவிடுவார். காவ் சோய் நூடுல்ஸ் விற்கிற அம்மா அங்கேயேதான் அடுப்பு மூட்டியாக வேண்டும். அவருடைய பிசினஸ் ஆன்லைன் இல்லை பாருங்கள்.

சரி, வெள்ளைக்காரனை விடுங்கள். நம் வீட்டு மகான்களைப் பார்ப்போம்.

இப்போது ரீல்ஸைத் தள்ளினால் மூன்றாவதோ நாலாவதோ ஒரு தமிழ்க் குரு வருவார். பின்னால் நீச்சல்குளம், கையில் இளநீர். "நண்பா, இன்னுமா அடுத்தவனுக்கு அடிமையா இருக்க? நான் இப்ப எங்க இருக்கேன் தெரியுமா?" தெரியாது, அவரே சொல்வார், தாய்லாந்து. லிங்க்கைத் தட்டினால் ஞாயிற்றுக்கிழமை மாலை வெபினார், 99 ரூபாய். "இன்னும் 7 சீட் மட்டும்" என்று சிவப்பில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து பாருங்கள், மறுபடி 7 சீட், மறுபடி அதே பதினைந்து நிமிடம். இணையத்துக்குள்ளும் இவர்கள் காலத்தை வென்றவர்கள். வெபினாரில் முதல் ஒரு மணி நேரம் குருவின் வறுமை. இரண்டாவது மணி நேரம் குருவின் கார். அதன்பிறகுதான் விஷயத்துக்கு வருவார்: முழுப் பயிற்சி 49,999 ரூபாய், இன்றிரவுக்குள் கட்டினால் 24,999, இ.எம்.ஐ. வசதி உண்டு. அவர் ஆன்லைனில் என்ன விற்றுச் சம்பாதித்தார் என்று கேட்டால் பதில் வராது. அவர் விற்பது இதைத்தான். விற்பது எப்படி என்று விற்பது. வாங்கியவன் தன் காசை எடுக்க வேண்டுமானால் அவனும் இதையே விற்க வேண்டும்.

அமெரிக்காவில்கூட, அமேசானில் கடை வைத்துத் தானாகப் பணம் வர வைக்கிறோம் என்று கறந்த கம்பெனிகள்மேல் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டிருக்கிறது. இங்கே நாம் அப்படியெல்லாம் மரியாதைக் குறைவாக நடப்பதில்லை. கல்லூரி ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம்.

குருவின் வீடியோவில் ஒருபோதும் வராத சில்லறை விஷயங்களைக் கேளுங்கள். நிஜமாகவே உழைத்துப் பிழைக்கிற நம் ஃப்ரீலான்சர் ஒருவர் வெளிநாட்டில் உட்கார்ந்து சர்வர் கட்டணம் கட்டப் போனால், ஓ.டி.பி. இந்திய சிம்முக்கு வரும். சிம் ரோமிங்கில் செத்துக்கிடக்கும். மூன்று தடவை தப்பானால் கார்டு லாக். லாக்கை எடுக்க 'ஹோம் பிராஞ்சுக்கு நேரில் வாருங்கள் சார்' என்பார்கள். பேபாலில் வந்த டாலரை அவசரத்துக்கு அங்கேயே வைத்துச் செலவழிக்க விடமாட்டார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அது ரூபாயாகி வங்கிக்கு வந்தே ஆக வேண்டும், எதற்காக வந்தது என்று பர்ப்பஸ் கோடும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்குப் போக நினைத்தால் ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ. மறுத்தாலும் காசு திரும்பாது. ஆஸ்திரேலியாக்காரர் நினைத்த மாத்திரத்தில் பிளேன் ஏறுவார். நம்மாள் ஆறு மாத ஸ்டேட்மென்ட், ஆடிட்டர் கடிதம், சொத்துப் பத்திரம், கல்யாண சர்டிஃபிகேட் எல்லாம் கோத்த ஃபைலோடு கவுன்டரில் நின்று, திரும்பி வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்வார்.

இது எரிச்சல். இனி சொல்லப்போவதை எரிச்சலோடு நிறுத்த முடியாது.

சியாங் மாயிலிருந்து தெற்கே ஆறேழு மணி நேரம் பஸ்ஸில் போனால் மே சோட் வரும். அதை ஒட்டி மோய் ஆறு. கோடையில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர். அக்கரை மியான்மர், மியாவாடி. கே.கே. பார்க், ஷ்வே கொக்கோ என்று ஆற்றோரம் வளாகங்கள். அங்கேயும் ஆன்லைன் பிசினஸ்தான் நடந்துவந்தது. அங்கேயும் மேசைக்கொரு கணினி, எழுதிவைத்த பதில்கள், பொய்ப் பெயர், வேறு நாட்டு நேரத்தில் ராத்திரி வேலை, எட்டியாக வேண்டிய டார்கெட். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ தனியாக இருக்கும் ஒருவரிடம் காதல் பேசிப் பழகி, கிரிப்டோவில் போடச் சொல்லி, வாழ்நாள் சேமிப்பை உருவ வேண்டும். டார்கெட் எட்டாவிட்டால் அடி, மின்சார ஷாக். பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில். வெளியே வர வேண்டுமானால் வீட்டிலிருந்து சில ஆயிரம் டாலர் வரவேண்டும்.

அங்கே போனவர்களில் நம் பிள்ளைகள் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' வேலை என்று ஆசைகாட்டி, கணினி படித்த இளைஞர்களை எல்லை தாண்டிக் கடத்துகிறார்கள் என்று. அடுத்த மாதமே மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்திறங்கினார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் கூட்டிவந்தார்கள். நடுவில் எத்தனை எச்சரிக்கை, எத்தனை பேட்டி! ஆட்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஏன் போகமாட்டார்கள்? தாய்லாந்து, மடிக்கணினி, ஆங்கிலம், டாலர், நீச்சல்குளம். ஏஜென்ட் புதிதாக ஒரு வார்த்தைகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குருக்கள் பல வருடமாக உழுது வைத்த நிலத்தில் வந்து நாற்று நட்டான். "அண்ணே, அந்த வீடியோல சொல்றாரே, அதே வேலையா?" "அதேதான் தம்பி. பி.இ.ன்னா இன்னும் நல்லது."

பி.இ. என்றால் இன்னொரு வகையிலும் நல்லதுதான். 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் அரசின் அனுமதி முத்திரை வேண்டும். அந்தப் பட்டியலில் தாய்லாந்தும் உண்டு. படிக்காதவனை ஏமாற்றிவிடுவார்கள் என்று அரசுக்கு அவ்வளவு கரிசனம். படித்தவனை ஏமாற்ற முடியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாலு வருடம் கடன் வாங்கிப் படித்து, வளாக நேர்காணலில் கழித்துக் கட்டப்பட்டு, சொந்த ஊரில் பன்னிரண்டாயிரத்துக்கு அல்லாடுகிறவனுக்கு முத்திரையும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். பாங்காக் ஏர்போர்ட்டில் கார் காத்திருந்தது. எட்டு மணி நேரம் கழித்து ஆறு வந்தபோதுதான் அவனுக்குச் சந்தேகமே வந்திருக்கும்.

அந்த வளாகங்களுக்கு மின்சாரம் எங்கிருந்து போனது தெரியுமா? தாய்லாந்திலிருந்து. மீட்டர் ஓடியது, பில் கட்டினார்கள், எல்லாம் முறைப்படி. 2025 பிப்ரவரியில் மின்சாரத்தையும் இணையத்தையும் சேர்த்துத் துண்டித்தார்கள். துண்டித்ததும் கூரைகளில் இணையத்துக்கு ஸ்டார்லிங்க் தட்டுகள் பெருகின. நாடோடித் தொழில்முனைவோர் காட்டுக்குள்ளும் ஜூம் மீட்டிங் போட உதவுகிற அதே தட்டுகள். அந்த வட்டாரத்தில் 2,500க்கும் மேற்பட்டவற்றை முடக்கியதாக அந்தக் கம்பெனி 2025 அக்டோபரில் அறிவித்தது. அதுவரை சந்தா யார் கட்டினார்கள், எந்தக் கார்டில் கட்டினார்கள் என்பதெல்லாம் வாடிக்கையாளரின் அந்தரங்கம். ஓ.டி.பி. அவர்களுக்கு ஒழுங்காக வந்திருக்கும்.

நம் குருக்களில் ஒருவராவது இதைப் பற்றி ஒரு நிமிட ரீல் போட்டிருப்பாரா என்று தேடிப் பார்த்தேன். நான் பார்த்த வரையில் அவர்கள் சந்தையின் போக்கைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், "நெகட்டிவ் நியூஸ் பாக்காத நண்பா, மைண்ட்செட் கெட்டுடும்" என்றார். கெட்டுப்போக அப்படி ஒன்று இருந்தால்தானே ஐயா.

இப்போது அவர்கள் 'ரிட்ரீட்' என்று ஆரம்பித்திருக்கிறார்கள். கட்டணம் கட்டிய சீடர்களைப் பத்து நாள் சியாங் மாய்க்கே அழைத்துப்போய், காபிக்கடையில் உட்காரவைத்து, எப்படிச் சுதந்திரமாக இருப்பது என்று காட்டுவார்களாம். நல்லது. அட்டவணையில் ஒரு நாளை ஒதுக்கி, காலை பஸ்ஸில் மே சோட் கூட்டிப்போகட்டும். மோய் ஆற்றங்கரையில் வரிசையாக நிறுத்தி, அக்கரையில் கம்பி வைத்த ஜன்னல்களைக் காட்டி, "அங்க பாருங்க நண்பா, பாஸ்போர்ட் இல்லாம, சம்பளம் இல்லாம, வெளிநாட்டுல ஆன்லைன் பிசினஸ் பண்றாங்க" என்று விளக்கட்டும். அதற்குத் தனியாக 4,999 வாங்கிக்கொள்ளட்டும். ஜி.எஸ்.டி.யும் சேர்த்து.